68 டன்னைத் தாங்கப் போறது யாரு?

போன எபிசோடுக்கு அப்புறம் ஒருத்தர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். "ப்ரோ, அர்ஜுன் நம்ம ஆவடியில செஞ்ச டேங்க். பாதுகாப்பு அதிகம், இன்ஜின் பெருசு. அப்புறம் ஏன் 2020ல லடாக் மலைக்கு டி-72, டி-90 போச்சு? அர்ஜுன் ஏன் போகல?"

எடை காரணம்னு எல்லாருமே சொல்லுவாங்க. அது சரிதான். ஆனா "எடை அதிகம், அதனால நகர முடியாது"ன்னு நினைச்சா கதை தப்பா போயிடும். அர்ஜுன் நல்லாவே நகரும். சிக்கல் அதுக்குக் கீழே இருக்கு.

முதல்ல எடை எங்கிருந்து வருதுன்னு பார்ப்போம். டேங்க்னா மனுஷங்க உட்கார்ற ஒரு பெட்டி. அந்தப் பெட்டியைச் சுத்தி கவசம் போடணும். பெட்டி கொஞ்சம் பெருசானாலும் கவசத்தோட எடை எக்கச்சக்கமா ஏறும். அதனால சோவியத் இன்ஜினியர்கள் பெட்டியையே சின்னதாக்கினாங்க. டி-72ல குண்டு நிரப்ப ஆள் கிடையாது, அதை மெஷினே பண்ணும். உள்ளே மூணு பேர்தான். வண்டி குட்டை, எடை 41 டன் வாக்கில். அர்ஜுன்ல குண்டு நிரப்ப ஒரு ஆள் உண்டு, மொத்தம் நாலு பேர். அவருக்கும் இடம் வேணும், அந்த இடத்துக்கும் கவசம் வேணும்.

சின்னப் பெட்டிக்கும் ஒரு விலை இருக்கு. டி-72ல குண்டுகள் ஆட்களோட காலுக்குக் கீழே வட்டமா அடுக்கியிருக்கும். அது பத்திக்கிட்டா மேல இருக்கிற டரட் அப்படியே பிய்ச்சுக்கிட்டுப் பறக்கும். உக்ரைன் போர்ல இருந்து வந்த வீடியோக்கள்ல நிறைய பேர் பார்த்திருப்பீங்க. உள்ளே இருந்தவங்க தப்பிக்க வாய்ப்பே இல்ல.

எதிர்ல வர்ற ஆயுதம் என்னன்னு பார்த்தா, திருச்சிக்காரங்களுக்கு அது தூரத்து விஷயம் இல்ல. நம்ம ஊர்லேயே இருக்கிற ஹெச்ஏபிபி தொழிற்சாலையில, அதாவது ஹெவி அல்லாய் பெனிட்ரேட்டர் ப்ராஜெக்ட்ல, தயாராகிறது அதுதான். வெடிமருந்து எதுவும் இல்லாத, ஈட்டி மாதிரி நீளமான ஒரு டங்ஸ்டன் கலவைக் கம்பி. இரும்பை விட இரண்டு மடங்குக்கும் மேல அடர்த்தி. பீரங்கியிலிருந்து கிளம்பும்போது செகண்டுக்கு ஒன்றரை கிலோமீட்டர் வேகம். அது வெடிக்காது, வேகத்தாலேயே துளைக்கும். அதைத் தடுக்கிற அளவு கவசத்தை நாலு பக்கமும் போட யாராலயும் முடியாது. அதனால எல்லா நாடும் முகப்புல தடிமனா போடுது. பக்கவாட்டு, பின்பக்கம், கூரை எல்லாம் மெலிசு. இன்னைக்கு ட்ரோன் வந்து விழறது அந்தக் கூரை மேலதான்.

அர்ஜுனோட எடைக் கதையை சாஃப்ட்வேர்ல வேலை பார்க்கிறவங்க உடனே அடையாளம் கண்டுப்பீங்க. 1974ல ப்ராஜெக்ட் ஆரம்பிச்சப்போ நினைச்சது 40 டன் வாக்கில், 105 மில்லிமீட்டர் பீரங்கியோட ஒரு டேங்க். அப்புறம் பீரங்கி 120 ஆச்சு. கவசம் ஏறுச்சு. கடைசியில வந்த முதல் மாடல் 58.5 டன். ராணுவம் கேட்ட மாற்றங்களோட, வெடிக்கும் கவசப் பலகை, கண்ணிவெடி அகற்றும் கலப்பை எல்லாம் சேர்த்து வந்த மார்க்-1ஏ 68 டன். 2021 பிப்ரவரியில சென்னையில பிரதமர் ராணுவத் தளபதிகிட்ட ஒப்படைச்சது அதைத்தான். ஒவ்வொரு டிக்கெட்டையும் தனியா எடுத்துப் பார்த்தா நியாயமாத்தான் இருக்கும். மொத்தமா கூட்டும்போதுதான் பகீர்னு இருக்கும். இன்ஜின் மட்டும் அதே 1,400 குதிரைசக்தி. டன்னுக்கு 24ஆ இருந்தது 20 சொச்சத்துக்கு இறங்குச்சு. இறங்கினதுக்கு அப்புறமும் டி-90 கிட்டத்தட்ட அதே அளவுதான், 21.5.

அப்போ நகர்றதுல பெரிய குறை இல்ல. மணல்ல புதையுமான்னு கேட்டா, இங்கதான் எனக்குப் பிடிச்ச கணக்கு இருக்கு. உங்க கார் டயர்ல 30 பிஎஸ்ஐ காத்து இருக்கும். அப்படின்னா அந்த டயர் ஒரு சதுர சென்டிமீட்டர் தரையை சுமார் 2 கிலோவால அழுத்துது. அர்ஜுன் முதல் மாடல்? 0.84 கிலோ. 58 டன் வண்டி, நம்ம ஸ்விஃப்டை விட மெதுவா தரையை மிதிக்குது! அகலமான இரும்புச் சங்கிலி எடையைப் பரப்பிக் கொடுக்கிறதுதான் காரணம். ராஜஸ்தான் மணல்ல அர்ஜுன் ஓடுறது அதனாலதான். 2010ல அங்கே டி-90யோட ஒப்பிட்டு சோதனை நடந்துச்சு. அதுக்குப் பிறகு இன்னொரு 124 அர்ஜுனுக்கு ஆர்டர் வந்துச்சு.

ஆனா பாலம் சதுர சென்டிமீட்டர் கணக்கு பார்க்காது. அது மேல ஏறின மொத்த எடையைத்தான் பார்க்கும்.

நான் இருக்கிறது மன்னார்புரம். ஜங்ஷன் மேம்பாலத்துல எங்க பக்கம் இறங்க வேண்டிய கை, ராணுவ நிலம் கிடைக்காம பல வருஷம் அந்தரத்துல நின்ன கதை உங்களுக்குத் தெரியும். ராணுவத்துக்கும் பாலத்துக்கும் இருக்கிற இன்னொரு உறவு அவ்வளவா யாருக்கும் தெரியாது. சிவில் படிச்சவங்களைக் கேளுங்க, "70ஆர்"னு சொல்லுவாங்க. இந்திய நெடுஞ்சாலைப் பாலங்களை டிசைன் பண்ணும்போது, இரும்புச் சங்கிலியில ஓடுற 70 டன் வண்டி ஒண்ணு மேல ஏறினா தாங்குமான்னு கணக்குப் போடணும். அதாவது நீங்க பைக்ல போற பாலத்தோட கணக்குக்குள்ள ஒரு டேங்க் ஏற்கெனவே ஓடிட்டிருக்கு. 68 டன் அந்தக் கோட்டுக்கு மயிரிழை கீழே. புது நெடுஞ்சாலைன்னா சரி. பஞ்சாப்ல வாய்க்காலுக்கு வாய்க்கால் இருக்கிற பழைய சின்னப் பாலங்களை அந்தக் கணக்குல கட்டல. அது போக, டேங்கை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அதோட சங்கிலியில ஓட்டிட்டுப் போக மாட்டாங்க, ட்ரெய்லர்ல ஏத்துவாங்க. அப்போ ட்ரெய்லரோட எடையும் பாலத்து மேலதான்.

லடாக்குக்கு வருவோம். அதுக்கு முன்னாடி 1948. ஸ்ரீநகர்ல இருந்து லே போற வழியில ஜோஜி லா கணவாய், சுமார் 3,500 மீட்டர் உயரம். எதிரி மேல உட்கார்ந்திருந்தான். செப்டம்பர்ல காலாட்படை முயற்சி தோத்துப் போச்சு. ஜெனரல் திம்மய்யா டேங்க் கொண்டு வரச் சொன்னார். வந்தது ஸ்டூவர்ட், இரண்டாம் உலகப்போர் மிச்சம், 15 டன் வாக்கில். அன்னைக்கே அது பழசு. ஐரோப்பாவுல ஒரு ஜெர்மன் டேங்க் முன்னாடி நிக்க முடியாது. ஜம்முவிலிருந்து வர்ற வழியில பாலங்கள் பலவீனம், அதனால டரட்டைக் கழட்டித் தனியா கொண்டு வந்தாங்க. பால்தால்ல இருந்து கணவாய்க்குப் போன கோவேறு கழுதைப் பாதையை டேங்க் போற அளவுக்கு அகலமாக்கினது யாருன்னா மெட்ராஸ் சாப்பர்ஸ், ராணுவத்துல "தம்பி"ன்னு கூப்பிடுற நம்ம ஆட்கள். நவம்பர் 1ஆம் தேதி, பனியில, அந்த உயரத்துல டேங்க் ஏறி வந்துச்சு. யாரும் எதிர்பார்க்கல. கணவாய் கைக்கு வந்துச்சு. மெலிசான கவசத்தோட அங்க போய்ச் சேர்ந்ததாலதான் அந்த டேங்க் ஜெயிச்சுது. அதே இடத்துக்கு 50 டன் டேங்க் வந்தே சேர்ந்திருக்காது.

2020ல அதே பிரச்சினை இன்னும் பெரிய அளவுல வந்துச்சு. 4,000 மீட்டருக்கு மேல காத்தோட அடர்த்தி கடல் மட்டத்துல இருக்கிறதுல மூணுல ரெண்டு பங்குதான், இன்ஜினுக்கே மூச்சு வாங்கும். விமானத்துல ஏத்தலாம்னா, சி-17 சுமார் 77 டன் தூக்கும். அதுல டி-90 ஒண்ணுதான் போகும், ரெண்டு ஏத்த முடியாது. இந்த அனுபவத்துல பிறந்ததுதான் ஜோராவர். ஆவடியோட சிவிஆர்டிஇ டிசைன், எல் அண்ட் டி தயாரிப்பு, 25 டன், 760 குதிரைசக்தி. டன்னுக்கு 30. 2024ல வெளியே காட்டினாங்க, அந்த வருஷக் கடைசியில 4,200 மீட்டருக்கு மேல சுட்டுப் பார்த்தாங்க. சி-17ல ரெண்டு போகும்.

ஆனா 25 டன்ல அந்த டங்ஸ்டன் ஈட்டியைத் தடுக்கிற முகப்பு கிடைக்காது. உள்ளே இருக்கிற மூணு பேரும் அது தெரிஞ்சேதான் ஏறுவாங்க. வேகமும் உயரமும்தான் அவங்களோட கவசம்னு எழுதுறவங்க யாரும் அந்த சீட்ல உட்காரப் போறதில்ல. நானும்தான்.

அதே சமயம், மலையில கவசம் இருந்தாலும் உயிர் போற வழி வேற இருக்கு. 2024 ஜூன் கடைசியில தௌலத் பெக் ஓல்டி பக்கம் ராத்திரி பயிற்சியில ஷியோக் ஆத்தைக் கடக்கும்போது திடீர்னு தண்ணி ஏறுச்சு. ஒரு டி-72ல இருந்த அஞ்சு வீரர்கள் இறந்துட்டாங்க. யாரும் அவங்களைச் சுடல.

கேள்வி கேட்ட நண்பருக்கு: ஜெய்சல்மேர் மணல்ல நான் உட்காரணும்னா அர்ஜுன்லதான் உட்காருவேன். லடாக்குக்கு அனுப்பலங்கிறதால அது தோத்துப் போன டேங்க்னு யாராவது யூடியூப்ல சொன்னா, அந்த வீடியோவுல 70ஆர்னு ஒரு வார்த்தை வருதான்னு பாருங்க.