கழித்ததைக் கூட்டினால் கணக்கு நேராகுமா?

சென்ற பருவத்தில் நம் சங்க உறுப்பினர் ஒருவர் கொட்டை எடுக்காத புளி 300 கிலோ கொள்முதல் செய்தார். கிலோ 60 ரூபாய். கொட்டையும் நாரும் போக, மூன்றில் ஒரு பங்கு கழிவு என்பது அவருடைய அனுபவக் கணக்கு. "60-இல் மூன்றில் ஒன்று 20, ஆகவே சுத்தப் புளியின் அடக்கம் 80" என்று போட்டு, அதன்மேல் 6 ரூபாய் வைத்து 86 ரூபாய்க்கு விற்றார். சரக்கு நன்றாகவே ஓடியது. மூட்டைகள் காலியானபோது கல்லாவில் போட்ட முதலே முழுதாகத் தேறவில்லை. தராசைச் சோதித்தார். கடைப் பையன்கள்மீதும் சந்தேகம் வந்தது. கடைசியில் சிட்டையை நம்மிடம் கொண்டுவந்தார்.

திருட்டு ஏதும் இல்லை. தவறு ஒரு பின்னத்தில் இருந்தது.

போட்ட முதல் 18,000 ரூபாய். கழிவு போகக் கையில் நின்றது 200 கிலோ. அப்படியானால் கிலோவின் அடக்கம் 80 அல்ல, 90. 86 ரூபாய்க்கு விற்றதில் வந்தது 17,200. கைவிட்டுப் போனது 800 ரூபாய். கொட்டை எடுத்த கூலி தனி.

இதைப் பள்ளிக்கூடச் சமன்பாடாக எழுதிப் பார்ப்போம். சுத்தப் புளியின் அடக்கம் கிலோவுக்கு 'வி' என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ வாங்கினால் 2/3 கிலோ நிற்கிறது. அந்த 2/3 கிலோதான் 60 ரூபாயைச் சுமக்க வேண்டும். ஆகவே வி × 2/3 = 60. கீழே உள்ள 3-ஐ ஒழிக்க இருபுறமும் 3-ஆல் பெருக்கினால் 2வி = 180; வி = 90. இரண்டே வரி.

மொத்தத்தில் மூன்றில் ஒன்று போனால், மிச்சத்தின்மேல் ஏற்ற வேண்டியது மூன்றில் ஒன்று அல்ல, இரண்டில் ஒன்று. ஐந்தில் ஒன்று போனால் நான்கில் ஒன்று ஏற்ற வேண்டும். பத்தில் ஒன்று போனால் ஒன்பதில் ஒன்று. கீழெண்ணில் ஒன்று குறைகிறது, அவ்வளவுதான். மேலெண் ஒன்றாக இருக்கும் எந்தப் பின்னத்துக்கும் இது பொருந்தும். கழிவு சிறியதாக இருக்கும்போது வித்தியாசம் தெரியாது. அதனால்தான் ஆண்டுக்கணக்கில் பலர் இந்தத் தவறோடு வியாபாரம் செய்துவருகிறோம்.

ஆடித் தள்ளுபடியிலும் இதே கதைதான். அடக்கம் 400 ரூபாய் உள்ள சேலையில் 80 ரூபாய் லாபம் வேண்டும். 20 சதவீதம் தள்ளுபடி என்று பலகையும் வைக்க வேண்டும். 480-இன்மேல் 20 சதவீதம் கூட்டி 576 என்று சீட்டு ஒட்டுகிறோம். வாடிக்கையாளருக்கு 20 சதவீதம் குறைத்தால் கைக்கு வருவது 460 ரூபாய் 80 காசு. 80 ரூபாய் லாபத்தில் 19 ரூபாய் 20 காசு போயிற்று, ஏறக்குறைய கால் பங்கு. வி − வி/5 = 480 என்று எழுதி 5-ஆல் பெருக்கினால் 4வி = 2,400. ஒட்ட வேண்டிய விலை 600.

வரியில் தவறு எதிர்த்திசையில் நடக்கும். 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. கட்டிவருகிறோம். சில்லறையில் வாங்கும் பணம் வரி உட்பட்டது. ஒருநாள் வசூல் 11,800 ரூபாய், எல்லாம் 18 சதவீதச் சரக்கு என்று கொள்வோம். 11,800-க்கு 18 சதவீதம் போட்டால் 2,124. ஆனால் வரி சரக்கின் விலைமேல்தானே தவிர, வரி சேர்ந்த தொகைமேல் அல்ல. வி + 18வி/100 = 11,800. 100-ஆல் பெருக்கினால் 118வி = 11,80,000; வி = 10,000. வரி 1,800 மட்டுமே. ஒருநாள் வசூலில் 324 ரூபாய் வித்தியாசம்! 5 சதவீதச் சரக்கென்றால் வரி உட்பட்ட தொகையை 21-ஆல் வகுத்தால் வரி வந்துவிடும். (காம்போசிஷன் திட்டத்தில் உள்ளவர்களுக்கு இது பொருந்தாது.) கம்ப்யூட்டர் பில் போடுகிறதே என்பார்கள். வரி உட்பட்ட விலையா, வரி நீங்கிய விலையா என்று அதற்குச் சொல்லிக்கொடுப்பது நாம்தானே?

நம் முன்னோர் திண்ணைப் பள்ளியில் மாகாணி, அரைக்கால், முந்திரி என்று 1/320 வரை கீழ்வாயிலக்கத்தை மனப்பாடம் செய்தவர்கள். 1957-இல் புதுக்காசு வந்து அணா போனது. அதற்குமுன் "ரூபாய்க்கு இரண்டணா லாபம்" என்று பேசிய காலத்தில், போட்ட ரூபாய்க்கா விற்ற ரூபாய்க்கா என்று கேட்க இடமிருந்தது. "20 சதவீதம்" என்று மொட்டையாகச் சொல்லும்போது எதில் 20 என்ற கேள்வி மறைந்துவிடுகிறது. மொத்த வியாபாரி அடக்கத்தின்மேல் 25 சதவீதம் என்பதும், சில்லறைக்காரர் விற்பனையில் 20 சதவீதம் என்பதும் ஒரே லாபம்தான். இது தெரியாமல் இருவரும் தகராறு செய்வதை நாம் பார்த்திருக்கிறோம்.

இனி இரண்டு பின்னம் சேர்ந்து வரும் கணக்கு. கிடங்கில் இருந்த அரிசியில் பாதி ஒரு கடைக்கும், மூன்றில் ஒரு பங்கு இன்னொரு கடைக்கும் போனது; மிச்சம் 20 மூட்டை. இருந்தது எத்தனை? வி/2 + வி/3 + 20 = வி. 2-க்கும் 3-க்கும் பொதுவான 6-ஆல் பெருக்கினால் 3வி + 2வி + 120 = 6வி; விடை 120 மூட்டை. பலரும் இடறுவது இங்கேதான். பின்னங்களை 6-ஆல் பெருக்குவார்கள், அந்த 20-ஐ அப்படியே விட்டுவிடுவார்கள். அப்போது மொத்தமே 20 மூட்டை என்று விடை வரும். மிச்சமும் 20, மொத்தமும் 20 என்றால் போனது எது? விடையைத் திரும்பக் கணக்கில் வைத்துப் பார்த்தால் தவறு உடனே தெரியும்.

எழுத்து வைத்துக் கணக்குப் போடக் கூச்சப்படுபவர்களுக்கு வேறு வழியும் உண்டு. பாஸ்கராசாரியர் 1150-இல் எழுதிய 'லீலாவதி'யில் இதற்கு இஷ்ட கர்மம் என்று பெயர். இஷ்டப்பட்ட ஓர் எண்ணை வைத்துக்கொள்ள வேண்டியது. 60 மூட்டை என்று வையுங்கள். பாதி 30, மூன்றில் ஒன்று 20, மிச்சம் 10. நம்மிடம் இருப்பதோ 20, அதாவது இருமடங்கு. ஆகவே 60-ஐயும் இருமடங்காக்கினால் 120. புளிக்கும் அப்படியே: 3 கிலோ வாங்கியதாக வையுங்கள்; 180 ரூபாய்க்கு 2 கிலோ நிற்கிறது; கிலோ 90.

நம் உறுப்பினருக்கு இந்த இரண்டாவது வழிதான் பிடித்தது. இந்தப் பருவத்தில் கிலோ 66 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறார். சிட்டையில் அடக்கம் 99 என்று எழுதியிருந்தார். கொட்டை எடுக்கும் கூலியைச் சேர்க்க மறந்திருந்தார்; அதையும் எழுதச் சொல்லிவிட்டு வந்தோம்.