ஒன்றரை லட்ச ரூபாய் கார்டுக்கு எந்தத் திரை?

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் கம்ப்யூட்டர் வாங்குகிறவர்கள் பாலக்காட்டைவிடக் கோவைக்கே அதிகம் பஸ் ஏறுவார்கள். வண்டன்மேடு, குமுளிக்காரர்களுக்குத் தேனியும் மதுரையும் பக்கம். மூணாறிலிருந்து கொச்சிக்கும் இறங்கலாம், மறையூர் வழியாக உடுமலைக்கும் இறங்கலாம். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்து வாளையார் வரிச் சாவடி மூடப்பட்ட பிறகு, கேரள, தமிழக எல்லையின் எந்தப் பக்கம் வாங்கினாலும் பில்லில் வரி ஒன்றுதான். இப்படி வாங்கப்படும் பெட்டிகளில் இப்போது கிராபிக்ஸ் கார்டுகளையும் பார்க்க முடிகிறது. பெங்களூரில் வேலைக்குப் போன பையன் சேர்த்து வைத்து வாங்குவான், அல்லது வீட்டிலேயே உட்கார்ந்து வீடியோ எடிட்டிங் செய்கிறவன் வாங்குவான்.

விலையைக் கேட்டால் வீட்டுப் பெரியவர்களுக்குத் தலை சுற்றும். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டு 2022 அக்டோபரில் வந்தபோது இந்தியாவில் 1,55,000 ரூபாயில் தொடங்கியது. 2025 ஜனவரியில் வந்த 5090-க்கு 2,14,000. இவ்வளவு கொட்டிக் கொடுத்த பிறகு பணம் தீர்ந்துவிடுகிறது. கல்லூரிக் காலத்தில் வாங்கிய பழைய மானிட்டரிலேயே வயரைச் செருகிவிடுகிறார்கள். பத்து எச்பி மோட்டார் இறக்கி, முக்கால் இஞ்ச் பைப்பில் தண்ணீர் எடுத்தால் பாலக்காட்டுச் சித்தூர் விவசாயி சிரிப்பார். இங்கே நடப்பதும் அதேதான்.

கார்டின் வேலை படம் வரைவது. விளையாட்டின் ஒவ்வொரு கணத்தையும் ஒரு முழுப் படமாக, அதாவது ஒரு ஃபிரேமாக, வரைந்து அனுப்பிக்கொண்டே இருக்கும். மானிட்டர் அதை எத்தனை முறை மாற்றிக் காட்டுகிறது என்பதைத்தான் ஹெர்ட்ஸில் சொல்கிறார்கள். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு படம் 16.7 மில்லி செகண்ட் நிற்கும். 144 ஹெர்ட்ஸில் அது 6.9 ஆகக் குறையும், 240 ஹெர்ட்ஸில் 4.2. கார்டு செகண்டுக்கு 200 ஃபிரேம் வரைந்து தள்ளினாலும் 60 ஹெர்ட்ஸ் திரை 60 முழுப் படங்களுக்கு மேல் காட்டாது. மீதி கரண்டுக்குச் செலவு.

60-லிருந்து 144-க்குப் போகும்போது வித்தியாசம் யாருக்கும் தெரியும். மௌஸை வேகமாக இழுத்தால் போதும். 144-லிருந்து 240-க்கு வேலரண்ட், கவுண்டர் ஸ்ட்ரைக் போன்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டு ஆடுகிறவர்களுக்குத் தெரியும். அதற்கும் மேலே 360, 500 என்பதெல்லாம் போட்டிக்குப் போகிறவர்களின் சமாச்சாரம். சைபர்பங்க் 2077 போன்ற கதை விளையாட்டு ஆடுகிறவர் அந்தப் பணத்தை வேறெதிலாவது போடலாம்.

இன்னொரு சங்கதி உண்டு. புது மானிட்டர் வாங்கி வந்து ஒரு வருடமாக அதை 60 ஹெர்ட்ஸிலேயே ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர். விண்டோஸ் பல நேரம் தானாக 60-ஐத்தான் வைக்கும். டிஸ்பிளே செட்டிங்ஸில், அட்வான்ஸ்டு டிஸ்பிளேயில் போய் நாம்தான் மாற்ற வேண்டும். அதைவிடக் கொடுமை, வயரைக் கார்டில் செருகாமல் அதற்கு மேலே மதர்போர்டில் இருக்கும் துளையில் செருகிவிடுவது. பெரும்பாலும் படம் வரும், ஆனால் விளையாட்டு திணறும். பெட்டிக்குப் பின்னால் குனிந்து பாருங்கள். செங்குத்தாக அடுக்கிய துளைகள் மதர்போர்டினுடையவை. அதற்குக் கீழே படுக்கைவாட்டில் இருப்பவைதான் கார்டு.

கார்டு வரையும் வேகம் ஒரே சீராக இருக்காது. சுவரைப் பார்த்து நின்றால் 180 வரும், குண்டு வெடித்தால் 90-க்கு விழும். திரையோ தன் தாளத்தில் மாறிக்கொண்டிருக்கும். இரண்டும் ஒத்துப்போகாதபோது மேல்பாதி ஒரு படமும் கீழ்பாதி அடுத்த படமுமாகத் திரை கிழிந்தாற்போல் தெரியும். இதற்குத் தீர்வாக, கார்டு படம் கொடுக்கும்வரை திரையைக் காத்திருக்க வைக்கும் ஜி-சிங்க் முறையை 2013-ல் என்விடியா அறிவித்தது. அதற்கு மானிட்டருக்குள் அவர்களுடைய தனிச் சில்லு வேண்டும், விலை ஏறும். 2014-ல் வெசா என்ற தர அமைப்பு அதே வசதியை டிஸ்பிளேபோர்ட்டிலேயே சேர்த்தது. என்விடியாவின் போட்டி நிறுவனமான ஏஎம்டி அதை ஃப்ரீசிங்க் என்று கொண்டுவந்தது. 2019 ஜனவரியில் என்விடியாவும் இறங்கிவந்து அந்த மானிட்டர்களை ஏற்றுக்கொண்டது. ஆகவே என்விடியா கார்டுக்கு ஜி-சிங்க் சில்லு உள்ள மானிட்டர்தான் வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அடுத்தது பிக்சல். 1080பி திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள், 1440பி-யில் 36.9 லட்சம், 4கே-யில் 82.9 லட்சம். 4கே என்றால் கார்டுக்கு நாலு மடங்கு வேலை. பெரிய கார்டுக்கு இது நல்ல செய்தி. 1080பி-யில் 4090 தன் படத்தைச் சட்டென்று முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று பிராசஸர் சொல்வதற்காகச் சும்மா காத்திருக்கும். அங்கே வேகத்தைத் தீர்மானிப்பது கார்டு அல்ல, பிராசஸர். அதனால் இந்த வகைக் கார்டு வாங்கியவருக்கு 1080பி திரை கணக்கிலேயே வராது. 1440பி-யா 4கே-யா என்பதுதான் கேள்வி.

அதற்கு விடை உட்காரும் தூரத்தில் இருக்கிறது. நல்ல பார்வை உள்ள கண், ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு கோணம் வரை பிரித்துப் பார்க்கும் என்பது கண் மருத்துவக் கணக்கு. 60 சென்டிமீட்டர் தள்ளி உட்கார்ந்தால் அது சுமார் 0.17 மில்லிமீட்டர். 27 அங்குல 1440பி திரையில் ஒரு புள்ளி 0.23 மில்லிமீட்டர்; உற்றுப் பார்த்தால் எழுத்தின் ஓரம் தெரியும். அதே அளவு 4கே திரையில் 0.16, கண்ணுக்கு எட்டாது. 32 அங்குல 4கே என்றால் 0.18, கிட்டத்தட்ட எல்லையில். எஸ்டேட் லயத்து வீட்டில் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே மேஜை போட்டிருப்பவர் திரைக்கு வெகு அருகில் உட்கார்வார். அவருக்கு 32 அங்குலம் வாங்கினால் கழுத்தைத் திருப்பித் திருப்பித்தான் ஆட வேண்டும். 27-தான் அந்த அறைக்குச் சரி.

4கே-யில் கடினமான விளையாட்டுகள் 4090-ஐயே மூச்சுவாங்க வைக்கும். ஒளிக்கதிர் ஒவ்வொன்றின் பாதையையும் கணக்கிடும் பாத் டிரேசிங்கை சைபர்பங்கில் போட்டுப் பாருங்கள். அதனால்தான் சிறிய படமாக வரைந்து, செயற்கை நுண்ணறிவால் பெரிதாக்கும் டிஎல்எஸ்எஸ் வந்தது. 5090-இல் இது ஒவ்வொரு வரைந்த ஃபிரேமுக்கும் நடுவே மூன்று ஃபிரேம்களைத் தானே உருவாக்கிச் செருகும் அளவுக்குப் போய்விட்டது. கண்ணுக்கு வழுவழுப்பாக இருக்கும். கை அசைவுக்குப் பதில் வரும் வேகம் மட்டும் அசல் ஃபிரேம்களுடையதுதான். இந்த வசதி இருப்பதால் 4கே 240 ஹெர்ட்ஸ் திரைக்கு இன்று ஓர் அர்த்தம் இருக்கிறது.

அந்தத் திரைக்குப் படத்தைக் கொண்டுபோகும் வயரையும் பார்க்க வேண்டும். 4கே, 240 ஹெர்ட்ஸ், 10-பிட் நிறம் என்றால் பெருக்கிப் பாருங்கள், செகண்டுக்கு ஏறக்குறைய 60 ஜிகாபிட். எச்டிஎம்ஐ 2.0-இன் கொள்ளளவு 18, எச்டிஎம்ஐ 2.1-க்கு 48. டிஸ்பிளேபோர்ட் 1.4-இல் உண்மையில் உபயோகத்துக்கு வருவது 26-க்குக் கொஞ்சம் கீழே. 4090-இல் இருப்பது இந்த 1.4 வகைதான். ஆகவே படத்தைச் சுருக்கி அனுப்பும் டிஎஸ்சி என்ற முறை அங்கே தேவை. அதில் தரம் குறைவது சாதாரணக் கண்ணுக்குத் தெரியாது. 5090-இல் 80 ஜிகாபிட் வரை போகும் டிஸ்பிளேபோர்ட் 2.1 வந்துவிட்டது. பழைய மானிட்டரோடு வந்து மேஜை டிராயரில் கிடக்கும் வயரைப் புதியதில் செருக வேண்டாம். புது மானிட்டரோடு வந்த வயரே போதும்.

இப்போது திரையின் உள்ளே. எல்சிடி என்றால் பின்னால் விளக்கு, முன்னால் திரவப் படிகம். மின்சாரம் கொடுத்தால் இந்தப் படிக மூலக்கூறுகள் திரும்பும், ஒளி போவதும் தடைபடுவதும் அதைப் பொறுத்தது. திரவம் போல ஓடிக்கொண்டே படிகம் போல ஒழுங்காக அணிவகுக்கும் இந்தப் பொருளை 1888-ல் ஆஸ்திரிய தாவரவியலாளர் ஃபிரீட்ரிக் ரைனிட்சர் கவனித்தார். இதில் நம்மவர் பங்கும் உண்டு, அது அதிகம் பேசப்படுவதில்லை. அதுவரை தெரிந்த திரவப் படிக மூலக்கூறுகள் எல்லாம் குச்சி வடிவம். 1977-ல் பெங்களூரு ராமன் ஆய்வு நிறுவனத்தில் எஸ். சந்திரசேகர், சதாசிவா, சுரேஷ் மூவரும் தட்டு வடிவ மூலக்கூறுகளும் திரவப் படிகமாகும் என்று காட்டினார்கள். இந்தச் சந்திரசேகர் சி.வி. ராமனின் சகோதரி மகன். பின்னால் ஜப்பானின் ஃபியூஜி நிறுவனம் அந்தத் தட்டு மூலக்கூறுகளை வைத்து மெல்லிய படலம் செய்தது. பக்கவாட்டில் பார்த்தால் நிறம் மாறித் தெரியும் பழைய டிஎன் திரைகளின் குறையைப் பெருமளவு குறைத்தது அந்தப் படலம்.

டிஎன் இப்போது பெரும்பாலும் மலிவு மாடல்களில்தான். மூலக்கூறுகள் திரைக்கு இணையாகவே சுழலும் ஐபிஎஸ் வகைதான் இன்று பரவலாகக் கிடைப்பது. நிறம் நன்றாக வரும், எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் மாறாது. குறை, கறுப்பு சாம்பலாகத் தெரியும். வெளிச்ச, இருள் விகிதம் 1000-க்கு ஒன்று என்ற அளவில்தான் இருக்கும். விஏ வகையில் அது 3000-க்கு மேலும் போகும், கறுப்பு நன்றாக இருக்கும், ஆனால் இருட்டான காட்சிகளில் அசைவுக்குப் பின்னால் கரி பூசினாற்போல் ஒரு தடம் வரும். கடையில் "ஒரு எம்எஸ்ங்க தம்பி, சூப்பர் ஸ்பீடு" என்பார்கள். பெட்டியில் அச்சிட்ட அந்த 1 மில்லி செகண்ட் பெரும்பாலும் மிகச் சாதகமான செட்டிங்கில் எடுத்தது. அந்த செட்டிங்கை வீட்டில் போட்டால் பொருள்களின் ஓரத்தில் வெள்ளை நிழல் விழும்.

ஓஎல்இடி வேறு ஜாதி. ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும், தானே அணையும். கறுப்பு என்றால் கறுப்பு. வேகத்தில் எல்சிடி அதன் பக்கத்தில் வர முடியாது. என்னிடம் கேட்டால் இந்த விலைக் கார்டுக்கு இதுதான் ஜோடி. இரண்டு நிபந்தனைகள். ஒன்று, ஒரே படம் மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றால் அதன் தடம் பதியும். பகலெல்லாம் எக்செல், இரவில் விளையாட்டு என்று ஒரே திரையை உபயோகிப்பவர் யோசிக்க வேண்டும். இரண்டு, வெளிச்சம். சாம்சங் தயாரிக்கும் க்யூடி-ஓஎல்இடி திரைகளில் ஒளியை வடிக்கும் போலரைசர் படலம் இல்லை. அதனால் ஜன்னல் வெளிச்சம் விழுந்தால் அந்தக் கறுப்பே ஊதா கலந்த சாம்பலாகிவிடும். சித்தூர் பக்கத்து வீடுகளில் காற்றுக்காகப் பகலெல்லாம் ஜன்னல் திறந்தே இருக்கும். அங்கே பகலில் ஆடுகிறவருக்கு எல்ஜி-யின் ஓஎல்இடியோ நல்ல ஐபிஎஸ்ஸோ தேவலை. வெளிச்சத்துக்கும் இருளுக்குமான வித்தியாசத்தைக் கூட்டிக் காட்டுவதாகச் சொல்லும் எச்டிஆர் 400 என்ற ஒட்டுச்சீட்டைப் பார்த்துச் சாதாரண எல்சிடிக்கு ஆயிரக்கணக்கில் கூடுதல் கொடுக்காதீர்கள், அது பெயரளவுக்குத்தான்.

கரண்டைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. 4090-இன் உச்ச அளவு 450 வாட், 5090-க்கு 575. பிராசஸர், திரை எல்லாம் சேர்த்தால் ஆடும்போது மணிக்கு அரை யூனிட்டுக்கு மேல் போகும். தினம் நாலு மணி நேரம் என்றால் மாதம் 75 யூனிட் அளவுக்குக் கூடும். கேரள மின்வாரியக் கணக்கில் வீட்டு உபயோகம் மாதம் 250 யூனிட்டைத் தாண்டினால் படிப்படியான சலுகை போய் மொத்த யூனிட்டுக்கும் ஒரே உயர்ந்த கட்டணம். எல்லைக்குக் கேரளப் பக்கம் இருக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்த 450 வாட்டும் கடைசியில் வெப்பமாக அறைக்குள்தான் இறங்குகிறது. ஏப்ரல் மாதப் பாலக்காட்டில் அது தண்டனை, ஜனவரி மூணாறில் வரம். இதற்கு ஓர் எளிய வழி உண்டு. 144 ஹெர்ட்ஸ் திரை என்றால் கார்டை 140 ஃபிரேமில் நிறுத்தி வையுங்கள். திரைக்குத் தேவையில்லாத ஃபிரேமை வரையாது, சூடும் பில்லும் குறையும், ஜி-சிங்க்கோ ஃப்ரீசிங்க்கோ போட்டிருந்தால் திரை கிழிவதும் நிற்கும்.

கேரளத்துக்குக் கரண்ட் தரும் இடுக்கியில், மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போவது வழக்கம். வீட்டில் சாதாரணமாக இருக்கும் 600 விஏ யுபிஎஸ் 360 வாட்தான் தாங்கும். விளையாட்டு நடுவே கரண்ட் போனால் அது கையை விரித்துவிடும். 1500 விஏ-வாவது வேண்டும். வடகிழக்குப் பருவமழையான துலாவர்ஷ மாதங்களில், மதியத்துக்கு மேல் இடி தொடங்கினால் யுபிஎஸ்ஸை நம்ப வேண்டாம். பிளக்கைப் பிடுங்குங்கள், கூடவே இன்டர்நெட் வயரையும். மின்னல் அந்த வழியாகவும் வரும்.

வாங்கும் இடத்திலேயே திரையைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். முழு வெள்ளை, முழு கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொன்றாக வைத்தால் செத்த புள்ளி உடனே தெரியும். ஒன்றிரண்டு செத்த புள்ளிகளைப் பல கம்பெனிக்காரர்கள் வாரண்டியில் மாற்றித் தரமாட்டார்கள். எத்தனை இருந்தால் மாற்றுவார்கள், சர்வீஸ் சென்டர் கோவையிலா கொச்சியிலா என்பதை பில் போடும் முன்பே கேட்டுவிடுங்கள். அட்டைப் பெட்டியையும் உள்ளே வரும் தெர்மோகோலையும் வாரண்டி முடியும்வரை பரணில் வையுங்கள். பழுது பார்க்க அனுப்பும்போது மலைப்பாதையில் பஸ் டிக்கியில் போகும் திரைக்கு அதைவிடப் பாதுகாப்பு வேறில்லை.