‘ஸ்டேஜ் 1’ போட்டாச்சா? லேப்டாப்பில் கூடும் கார் பவரும், கூடவே வரும் சிக்கலும்

தாம்பரம் - வேளச்சேரி சாலையில் ஒரு சிக்னல். முன்னால் நிற்பது பழைய போலோ ஜிடி. ஸ்டிக்கர் இல்லை, பெரிய சைலன்சர் இல்லை, பார்க்க சாதாரண கார்தான். பச்சை விழுந்ததும் பக்கத்தில் நின்ற பெரிய எஸ்யூவியைப் பின்னால் விட்டுவிட்டுப் பறக்கிறது. கார் பிரியர்களிடம் கேட்டால் ஒரே வரியில் பதில் வரும்: “ஸ்டேஜ் 1 போட்டிருப்பாங்க.”

முதல் சம்பளத்தில் பைக், சில வருஷம் கழித்து கார், கார் வந்த ஆறாவது மாதத்தில் “இன்னும் கொஞ்சம் பவர் இருந்தா நல்லா இருக்குமே” என்ற ஆசை. ஜிஎஸ்டி சாலையிலும் ஓஎம்ஆரிலும் வேலைக்குப் போய்வரும் பல இளைஞர்களுக்கு இது பழக்கமான கதைதான். ஆனால் இதில் இன்ஜினுக்குள் என்ன மாறுகிறது, சட்டம் என்ன சொல்கிறது, விபத்து நடந்தால் யார் பணம் கட்டுவது?

‘ரீமேப்’ என்றால் என்ன?

இன்றைய கார்களில் எவ்வளவு பெட்ரோல் தெளிக்க வேண்டும், எப்போது தீப்பொறி விழ வேண்டும், டர்போ எவ்வளவு காற்றை உள்ளே தள்ள வேண்டும் என எல்லாவற்றையும் முடிவு செய்வது இசியு என்ற சிறிய கணினி. அதில் உள்ள அட்டவணைகளை லேப்டாப் வழியாக மாற்றி எழுதுவதுதான் ரீமேப். வேறு பாகம் எதையும் மாற்றாமல் இதை மட்டும் செய்தால் ‘ஸ்டேஜ் 1’. சைலன்சர் குழாய், காற்று வடிகட்டி, இன்டர்கூலர் போன்றவற்றையும் மாற்றினால் ‘ஸ்டேஜ் 2’.

டர்போ இருக்கும் காரில்தான் இது பெரிதாக வேலை செய்யும். காற்றழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டினாலே பவர் 20 முதல் 30 சதவீதம் வரை ஏறும் என்று ட்யூனர்கள் சொல்கிறார்கள். டர்போ இல்லாத சாதாரண பெட்ரோல் காரில் அதே செலவுக்குக் கிடைக்கும் மாற்றம் மிகக் குறைவு.

2013-ல் இந்தியாவுக்கு வந்த போலோ ஜிடி டிஎஸ்ஐ இதற்கு நல்ல உதாரணம். 1.2 லிட்டர் டர்போ இன்ஜின், 105 பிஎஸ் பவர், 175 நியூட்டன் மீட்டர் டார்க். 2022-ல் இந்தியாவில் போலோ தயாரிப்பே நின்றுவிட்டது. ஆனாலும் ரீமேப் பேச்சு வந்தாலே முதலில் அடிபடுவது இந்தப் பெயர்தான்.

அப்போ கம்பெனியே ஏன் அந்த பவரைத் தரவில்லை?

கம்பெனி கொஞ்சம் பவரை மிச்சம் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. அதே இன்ஜின் மோசமான பெட்ரோலிலும், மே மாத வெயிலிலும், சர்வீஸ் தள்ளிப்போட்டாலும் பல வருஷம் ஓட வேண்டும். ரீமேப் கை வைப்பது அந்தப் பாதுகாப்பு இடைவெளியில்தான்.

சென்னையில் முதல் எதிரி வெப்பம். டர்போ காற்றை அழுத்தும்போது அது சூடாகும். அதைக் குளிர்விப்பது இன்டர்கூலர். பல்லாவரம், குரோம்பேட்டை நெரிசலில் கார் ஊர்ந்தால் இன்டர்கூலருக்கும் காற்று கிடைக்காது. சூடான காற்றோடு அழுத்தமும் கூடினால், பெட்ரோல் நேரத்துக்கு முன்பே வெடிக்கும் ‘நாக்கிங்’ வரும். இன்ஜினைக் காப்பாற்ற இசியு தானாகவே பவரைக் குறைத்துவிடும். அதாவது, காசு கொடுத்து வாங்கிய பவர் மே மாத மதியத்தில் முழுசாகக் கிடைக்காது.

நாக்கிங்கைத் தவிர்க்க அதிக ஆக்டேன் பெட்ரோல் வேண்டும். இந்தியன் ஆயில் 2020 டிசம்பரில் 100 ஆக்டேன் பெட்ரோலை அறிமுகம் செய்தது. ஆனால் அது எல்லா பங்கிலும் கிடைப்பதில்லை, விலையும் கணிசமாக அதிகம்.

அடுத்தது கியர்பாக்ஸ். அந்த 1.2 போலோவில் இருப்பது 7 கியர் உலர் கிளட்ச் டிஎஸ்ஜி. அது தாங்கும்படி வடிவமைக்கப்பட்ட டார்க் 250 நியூட்டன் மீட்டர். ரீமேப்புக்குப் பிறகு அந்த எல்லைக்குக் கிட்டே போய்விடுகிறது. அதோடு தினமும் நின்று நின்று நகரும் டிராஃபிக்கும் சேர்ந்தால் கிளட்ச் சீக்கிரம் தேயும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து மாறும்படி வாகனத்தை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. சிஎன்ஜி போன்ற மாற்று எரிபொருளுக்கு மாறுவதற்கு விதிகளுக்கு உட்பட்டு வழி இருக்கிறது.

2019-ல் சேர்க்கப்பட்ட 182ஏ பிரிவு தண்டனையைச் சொல்கிறது: அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

“சாஃப்ட்வேர்தானே, யார் கண்டுபிடிக்கப் போறாங்க?” என்பது வழக்கமான வாதம். சாலையில் நிறுத்தும் போலீஸாருக்குத் தெரியாமல் போகலாம். சர்வீஸ் சென்டரின் ஸ்கேனருக்குத் தெரியலாம். தெரிந்தால் இன்ஜின், கியர்பாக்ஸ் வாரன்டி கையை விட்டுப் போகும் அபாயம் உண்டு. பழைய சாஃப்ட்வேரையே திரும்ப ஏற்றினாலும் மாற்றம் செய்த தடயம் சில கார்களில் மிஞ்சும்.

விபத்து நடந்தால்?

பலரும் யோசிக்காத இடம் இது. காரில் செய்யும் மாற்றத்தை இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் தெரிவிக்க வேண்டும். சொல்லாமல் விட்டால் பெரிய விபத்துக்குப் பிறகு கிளெய்ம் தகராறில் மாட்டலாம். கார் கடனுக்கு இன்னும் நாலு வருஷம் இஎம்ஐ பாக்கி இருப்பவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 80 கி.மீ. வேகத்தில் போவதைவிட 100-ல் போனால் வேகம் 25 சதவீதம்தான் கூடுகிறது. ஆனால் பிரேக் அடித்தபின் கார் நிற்க எடுக்கும் தூரம் சுமார் 56 சதவீதம் கூடும். ரீமேப் இன்ஜினை மட்டும்தான் மாற்றுகிறது. பிரேக்கும் டயரும் பழையதேதான். எதிரே வருவது வண்டலூரில் சாலையைக் கடக்கும் கல்லூரி மாணவராகவும் இருக்கலாம்.

ஆசையை எங்கே தீர்த்துக்கொள்வது?

அதற்கென்றே ஓர் இடம் பக்கத்தில் இருக்கிறது. வண்டலூரிலிருந்து அவுட்டர் ரிங் ரோடு பிடித்து, நசரத்பேட்டையில் பெங்களூரு நெடுஞ்சாலைக்குத் திரும்பினால் இருங்காட்டுக்கோட்டை. 1990-ல் திறக்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ரேஸ் டிராக் அங்கேதான். ஒரு சுற்று சுமார் 3.7 கி.மீ. கட்டணம் கட்டி சொந்த காரை ஓட்டும் ‘டிராக் டே’ நிகழ்ச்சிகள் அங்கே அவ்வப்போது நடக்கின்றன. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: ரேஸ், வேகச் சோதனை போன்றவற்றுக்கு வழக்கமான கார் பாலிசி பொருந்தாது. டிராக்கில் கார் அடிபட்டால் செலவு சொந்தக் காசுதான்.

போகும் முன் நல்ல டயர், புது பிரேக் ஆயில், புது பிரேக் பேட் போடுங்கள். இவற்றால் ஆர்டிஓ பிரச்சினை இல்லை. நல்ல பிடிமானமும் நம்பிக்கையான பிரேக்கும் இருந்தால், அதே 105 பிஎஸ்ஸிலேயே டிராக்கை வேகமாகச் சுற்றலாம் என்பது ஓட்டிப் பார்க்கும்போது புரியும்.

இத்தனைக்கும் பிறகு “பவர் வேணும்தான்” என்றால் இன்னொரு வழி: கம்பெனியே அதிக பவரோடு விற்கும் காருக்கு மாறுவது. ஃபோக்ஸ்வேகன் விர்ட்டஸில் 1.5 லிட்டர் டர்போ இன்ஜின் 150 பிஎஸ், 250 நியூட்டன் மீட்டர் தருகிறது. வாரன்டி, ஆர்சி, இன்சூரன்ஸ் எதிலும் இடிக்காது. ரீமேப்புக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் அந்த காரை ஒரு தடவை டெஸ்ட் டிரைவ் எடுத்துப் பாருங்கள்.