நரம்புக்குள் ஒரு நெசவு!

சின்ன காஞ்சிபுரத்தில் பழைய பாவு முடிந்ததும், புதுப் பாவின் இழைகளை அதனோடு ஒவ்வொன்றாக முறுக்கிப் பிணைப்பார்கள்.

நம் நரம்பிலும் இதே வேலை நடக்கிறது!

நரம்பு முனையில் நுண்ணிய பைகள் உண்டு. பையிலுள்ள புரத இழையும் நரம்புத் தோலிலுள்ள இழைகளும் முறுக்கிக்கொள்ளும். இரண்டு தோலும் ஒன்றாகும். பைக்குள் இருக்கும் ரசாயனம் வெளியேறி, அடுத்த நரம்புக்குச் செய்தி சொல்லும். இந்த விந்தையை ஆராய்ந்த ராத்மன், ஷெக்மன், சுடாஃப் மூவரும் 2013-ல் நோபல் பரிசு பெற்றார்கள்.

ரணஜன்னிக் கிருமியின் விஷம், பையின் இழையை அறுத்துவிடும். "தளர்" என்ற செய்தி நின்றுபோகும். தசை இறுகும், தாடை பூட்டிக்கொள்ளும், உயிருக்கே ஆபத்து!

கர்ப்பிணிகளுக்குத் தடுப்பூசி, சுத்தமான பிரசவம். இவற்றால் பச்சிளங் குழந்தைகளின் ரணஜன்னி, 2015-க்குள் இந்தியாவின் எல்லா மாவட்டங்களிலும் ஆயிரம் பிறப்புக்கு ஒன்றுக்கும் கீழே குறைந்தது.

ஆனால் கிருமி இன்னும் மண்ணில் இருக்கிறது. காலில் ஆணி குத்தினால் காயத்தைக் கழுவுங்கள். உடனே டாக்டரிடம் போங்கள்!