வடதுருவக் கடலின் பழங்கதை

வடதுருவம் என்றவுடன் எல்லையற்ற பனிப் பரப்பே நம் மனக்கண்முன் தோன்றும். அப்பனியின் கீழே நிலம் இல்லை, ஆழ்கடலே உள்ளது. அக்கடல் என்றும் இவ்வாறே உறைந்து கிடந்ததா? இதற்கு நேரான சான்று அதன் அடித்தளச் சேற்றில்தான் உண்டு. வண்டலும் தூசியும் மடிந்த நுண்ணுயிர்களின் கூடுகளும் அங்கே அடுக்கடுக்காகப் படிகின்றன. கீழே செல்லச் செல்லப் பழைமை மிகும்.

அச்சேற்றை எடுப்பது எளிதன்று. துளையிடும் கப்பல் ஓரிடத்திலேயே நிற்றல் வேண்டும். கடல்மேல் மிதக்கும் பனியோ ஓயாது நகர்கிறது. 2004-ஆம் ஆண்டில் மூன்று கப்பல்கள் இம்முயற்சியில் இறங்கின. ரஷ்யாவின் அணுசக்திக் கப்பல் ஒன்று முன்னே நின்று பெரும் பாளங்களைப் பிளந்தது. சுவீடனின் 'ஓடன்' அத்துண்டுகளை மேலும் நொறுக்கியது. அவற்றின் பின்னே 'விடார் வைக்கிங்' என்னும் கப்பல் நின்று துளையிட்டது. துருவத்திற்கு ஏறத்தாழ 250 கிலோமீட்டர் தொலைவில், லொமொனோசவ் என்னும் கடலடி மலைத்தொடரின்மேல் இப்பணி நடைபெற்றது. கடல்தளத்துக்குக் கீழே 428 மீட்டர் வரை துளை இறங்கியது.

மேலே வந்த சேறு வியப்பைத் தந்தது. சுமார் 5.5 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட அடுக்கில் வெப்பக் கடல்களுக்குரிய நுண்ணுயிர்களின் எச்சங்கள் கிடைத்தன. அடுக்கிலிருந்த நுண்ணுயிர்க் கொழுப்பை ஆராய்ந்தவர்கள், அன்று அக்கடற்பரப்பின் வெப்பம் ஏறத்தாழ 23 பாகை செல்சியஸ் எனக் கணித்தனர். வானில் கரியமிலவாயு மிகுந்து உலகமே வெம்மையுற்ற காலம் அது.

அதற்கு மேலே, சுமார் 4.9 கோடி ஆண்டுப் படிவில் அசோலா மிகுதியாகக் காணப்பட்டது. நம் நெல்வயல்களில் உரமாக இடப்படும் அதே இனத்து மிதக்கும் சிறு பெரணிதான்! அது உப்புநீரில் தழைப்பதில்லை. ஆகவே அக்கடலின் மேற்பரப்பை அந்நாளில் நன்னீர் போர்த்தியிருந்தது என்பது தெளிவு. அப்பெரணியே கரியமிலவாயுவை உண்டு உலகைக் குளிர்வித்தது என்பாரும் உளர். கிடைத்துள்ள சான்று அவ்வளவு தூரம் செல்லவில்லை என்றே கருதுகிறேன்.

4.5 கோடி ஆண்டு அளவிலான அடுக்கில் சிறு கற்கள் தோன்றுகின்றன. நடுக்கடலுக்குக் கல் எவ்வாறு வந்தது? கரையில் உறைந்த பனி அதைச் சுமந்து சென்று, உருகியபோது நழுவவிட்டது. ஆகவே அங்கே பனி தோன்றியது முன்பு எண்ணியதைவிட மிகத் தொன்மையானது.

இதற்கப்பால் ஒரு குறை. 4.44 கோடி ஆண்டு அடுக்கின்மேல் 1.82 கோடி ஆண்டு அடுக்கு நேரே அமர்ந்திருப்பதாக முதலில் கணித்தனர். இடையே 2.6 கோடி ஆண்டுகளின் ஏடுகளைக் காணோம்! உலகம் வெம்மையிலிருந்து குளிருக்குத் திரும்பிய காலமே அது. ஆஸ்மியம் என்னும் உலோகத்தைக் கொண்டு காலம் கணித்த வேறு சிலரோ, ஏடுகள் தொலையவில்லை, படிவுதான் மிக மெல்ல நிகழ்ந்தது என 2011-இல் வாதிட்டனர். எது சரி என்பதை மற்றொரு துளையே கூறவேண்டும்.