அஞ்சல்தலை சேகரிப்பு: ஓய்வுக்காலப் பொழுதுபோக்கு

அஞ்சல்தலை சேகரிப்பு என்பது அஞ்சல்தலைகளையும், அவை ஒட்டப்பட்டு முத்திரை இடப்பட்ட உறைகளையும் திரட்டி, வகைப்படுத்தி, அவற்றின் வரலாற்றை அறிந்துகொள்ளும் பொழுதுபோக்கு ஆகும். இதைப் பெரும்பாலும் பள்ளிப் பருவத்தில் தொடங்குவார்கள். வேலை, குடும்பம் என்று வந்ததும் ஆல்பம் பரணுக்குப் போய்விடும். பணி ஓய்வுக்குப் பிறகு அதை மீண்டும் இறக்கித் தூசி தட்டுபவர்கள் பலர். சிறு வயதுச் சேகரிப்புக்கும் இந்த இரண்டாவது சுற்றுக்கும் நிறைய வேறுபாடு உண்டு. சிறுவனுக்கு எண்ணிக்கைதான் பெரிது. அறுபது வயதுக்காரருக்கோ, எதை வைத்துக்கொள்வது, அதைப் பற்றி என்ன எழுதி வைப்பது, பிறகு யாரிடம் ஒப்படைப்பது என்பவையே கேள்விகள்.

பரணிலிருந்து இறங்கும் ஆல்பம்

1960, 70களில் பள்ளி சென்றவர்களின் ஆல்பம் பெரும்பாலும் ஒரு கோடு போட்ட நோட்டுப் புத்தகம்தான். பசை, சோற்றுப் பருக்கை, மைதாக் கூழ் என்று கிடைத்ததைக் கொண்டு ஒட்டியிருப்பார்கள். ‘மாக்யார் போஸ்டா’ என்றால் ஹங்கேரி, ‘ஹெல்வேட்டியா’ என்றால் சுவிட்சர்லாந்து, நாட்டின் பெயரே இல்லாமல் அரசியின் தலை மட்டும் இருந்தால் பிரிட்டன் என்று பூகோளப் பாடத்துக்கு முன்பே அறிந்துகொண்ட தலைமுறை அது.

அந்த ஆல்பத்தைத் திறந்தவுடன் தலைகளைப் பிய்த்து எடுக்க முயல்வதே முதல் தவறு. தாளோடு சேர்த்து, சுற்றிலும் ஒரு விரல் இடம் விட்டு வெட்டி, வெதுவெதுப்பான நீரில் கால் மணி நேரம் மிதக்கவிட வேண்டும். பசை இளகியதும் தலை தானே கழன்றுவரும். அதை வெள்ளைத் துணியிலோ உறிஞ்சு தாளிலோ கவிழ்த்து உலர்த்தி, கனமான புத்தகத்தின் அடியில் ஓர் இரவு வைத்தால் சுருக்கம் இருக்காது. செய்தித்தாளின் மை ஒட்டிக்கொள்ளும் என்பதால் அதைத் தவிர்க்க வேண்டும். நிற உறையில் ஒட்டிய தலைகளைத் தனிக் கிண்ணத்தில் போட வேண்டும். இல்லையென்றால் சாயம் இறங்கி மற்றவையும் கெடும். இப்போது வரும் சில தன்னொட்டுத் தலைகள் நீருக்கு மசிவதில்லை. அவற்றை உறைத்தாளோடு வெட்டி வைப்பதே நல்லது.

பழைய உறைகளும் அஞ்சல் அட்டைகளும் முழுதாகக் கிடைத்தால் அவற்றில் கத்தரியே வைக்கக் கூடாது. தலையைவிட முத்திரையில் உள்ள ஊரும் நாளும் சில நேரம் முக்கியம். எடுத்துக்காட்டாக, திருவிதாங்கூர் சமஸ்தானம் ‘அஞ்சல்’ என்ற பெயரில் தனி அஞ்சல் சேவை நடத்தி, 1888 முதல் சங்கு முத்திரை பொறித்த தலைகளை வெளியிட்டது. விலை சக்கரம், காசு என்ற கணக்கில் இருந்தது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் பெரும்பகுதி அந்தச் சமஸ்தானத்தில் அடங்கியிருந்ததால், அப்பகுதியின் பழைய வீடுகளில் இத்தகைய உறைகள் இருக்க வாய்ப்புண்டு. சங்குத் தலையை மட்டும் வெட்டி எடுத்துவிட்டால், அது எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போனது என்ற செய்தி குப்பைக்குப் போய்விடும். சிறுவயதில் தாத்தாவின் கடிதக் கட்டில் கத்தரி வைத்தவர்களுக்கு இந்த வருத்தம் புரியும்.

எதைச் சேகரிப்பது

உலகத் தலைகள் எல்லாவற்றையும் திரட்ட எவராலும் இயலாது. ஓய்வுக்காலச் சேகரிப்பாளர் ஒரு பொருளைத் தேர்ந்துகொள்வதே நடைமுறை: பறவைகள், ரயில்கள், ஒரு நாடு, ஒரு காலம். தமிழகத்து ஆளுமைகள் என்று எடுத்துக்கொண்டால் திருவள்ளுவர் (1960), பாரதியார் (1960), கணிதமேதை இராமானுஜன் (1962), வ.உ.சிதம்பரனார் (1972), உ.வே.சாமிநாதையர் (2006) என ஒரு நல்ல வரிசை அமையும். முதல் இரண்டும் 15 நயா பைசா விலை கொண்டவை. 1957 ஏப்ரலில் பதின்ம நாணய முறை வந்தபோது பழைய பைசாவிலிருந்து வேறுபடுத்த ‘நயா’ சேர்ந்தது என்பதைப் பேரப்பிள்ளைகளுக்கு விளக்க அந்தத் தலையே போதும்.

விடுதலை இந்தியாவின் முதல் தலை 1947 நவம்பர் 21 அன்று, தேசியக் கொடியுடனும் ‘ஜெய்ஹிந்த்’ என்ற சொல்லுடனும் வெளியானது. சந்தன மணம் வீசும் தலையும் (2006), கதர்த் துணியில் அச்சிட்ட காந்தி தலையும் (2011) பார்வையாளருக்குக் காட்டி மகிழ ஏற்றவை.

இன்று வீட்டுக்கு வரும் தபாலில் தலை ஒட்டியிருப்பது அரிது. அஞ்சல் துறையின் சேகரிப்போர் பிரிவுகளில் முன்பணம் கட்டிக் கணக்குத் தொடங்கினால், புதிய தலைகளும் முதல்நாள் உறைகளும் வீட்டுக்கே வரும்.

மதிப்பு பற்றிய தவறான எண்ணம்

பழையது என்றாலே விலை அதிகம் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு, அது உண்மையன்று. உலகின் முதல் அஞ்சல்தலையான, 1840இல் பிரிட்டன் வெளியிட்ட ‘பென்னி பிளாக்’ ஏறத்தாழ 6.8 கோடி அச்சிடப்பட்டது; அதனால் இன்றும் சந்தையில் கிடைக்கிறது. மாறாக, 1948இல் வெளியான காந்தியின் 10 ரூபாய்த் தலையில் அலுவலகப் பயன்பாட்டுக்காக ‘சர்வீஸ்’ என்று மேலச்சு இட்டவை மிகச் சிலவே என்பதால் அவை பெரும் விலைக்குப் போகின்றன. சாதாரண ஆல்பங்களில் இத்தகையவை இருப்பதில்லை. ஓய்வூதியப் பணத்தை ‘முதலீடு’ என்று சொல்லி இதில் போடுவது விவேகமன்று. மாதம் சில நூறு ரூபாய் என்று எல்லை வகுத்துக்கொள்பவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள்.

பாதுகாப்பும் கருவிகளும்

விரல் ஈரமும் எண்ணெயும் படாமலிருக்க முனை தட்டையான இடுக்கி வேண்டும். கைநடுக்கம் உள்ளவர்களுக்கும் இதுவே வசதி. விளக்குடன் கூடிய உருப்பெருக்கிக் கண்ணாடி கண்ணுக்கு ஓய்வு தரும். விளிம்பிலுள்ள பற்கள் முறியாமல் இருக்கின்றனவா என்று பார்க்கவும் அது தேவை.

தமிழகத்தின் ஈரக்காற்று பெரும் எதிரி. மழைக்காலத்தில் பசைப் பக்கத்தில் பழுப்புப் புள்ளிகள் தோன்றினால் பிறகு அவை போவதில்லை. ஆல்பத்தைப் படுக்கவைத்து அடுக்காமல் நிமிர்த்தி வைப்பதும், சுவரை ஒட்டிய அலமாரியைத் தவிர்ப்பதும், சிலிக்கா ஜெல் பொட்டலம் இடுவதும், மாதம் ஒருமுறை பக்கங்களைப் புரட்டிக் காற்றாட விடுவதும் பலன் தரும். செலோ டேப்பும் லேமினேஷனும் கூடவே கூடாது.

யாரிடம் சேர்ப்பது

சேகரித்தவர் மறைந்தபின் ஆல்பங்கள் பழைய பேப்பர் கடைக்குப் போவது புதிதல்ல. வீட்டாருக்கு அலட்சியம் என்று சொல்லிவிட முடியாது. எது என்ன என்று அவர்களுக்குத் தெரியாது. ஆகவே ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் தலையின் பெயர், ஆண்டு, கிடைத்த விதம் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதுவது நல்ல பழக்கம். பேனா மை தாளில் ஊறும். முதல் பக்கத்தில், விலை மதிப்புள்ளவை எவை, தலைமுறைக்காக வைத்திருக்க வேண்டியவை எவை, யாரிடம் கேட்டுவிட்டு விற்கலாம் என்று ஒரு தாள் வைக்கலாம். பேரன் பேத்திக்கு ஆர்வம் இருந்தால், உயிரோடிருக்கும்போதே ஒரு சிறு ஆல்பத்தைப் பிரித்துக் கொடுத்து, இரட்டையாக உள்ள தலைகளைப் பள்ளி நண்பர்களோடு மாற்றிக்கொள்ளச் சொல்பவர்களும் உண்டு.

பள்ளிக்கோ நூலகத்துக்கோ கொடுப்பதாக இருந்தால், அங்கே அதைப் பூட்டி வைக்க அலமாரியும் பொறுப்பேற்க ஒருவரும் இருக்கிறார்களா என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.