முதல் ஈடு முறுக்கும் மருந்துத் தொழிற்சாலையும்

தீபாவளிக்கு முறுக்கு சுடும்போது முதல் ஈடு யாருக்குப் போகும்? அடுப்படியைச் சுற்றி வரும் பிள்ளைகளுக்குத்தான். உப்பு சரியா, மொறுமொறுன்னு இருக்கா என்று அவர்கள் சொன்ன பிறகே டின் நிறையும்.

மருந்துத் தொழிற்சாலையில் இந்த வழி எடுபடாது. குளுக்கோஸ் பாட்டிலில் கிருமி இருக்கிறதா என்று பார்க்க அதைத் திறக்க வேண்டும். திறந்ததை நோயாளிக்கு ஏற்ற முடியாது. ஆக, சிலவற்றை மட்டும்தான் சோதிக்கலாம். மற்றதெல்லாம் இயந்திரத்தை நம்பித்தான் வெளியே போகிறது. அந்த நம்பிக்கைக்கு எழுத்துப்பூர்வமான ஆதாரம் கேட்பதுதான் 'வேலிடேஷன்'.

பொங்கல் தள்ளுபடியில் கிரைண்டர் வாங்கினால் நாம் என்ன செய்வோம்? பொட்டு வைத்து, சூடம் காட்டி, நேரே உளுந்தைப் போடுவோம். அங்கே மூன்று கட்டம் உண்டு. கேட்ட மாடல்தானா, சரியாகப் பொருத்தியிருக்கிறார்களா என்பது முதலில். பிறகு வேகம், வெப்பம், அலாரம் எல்லாம் சொன்னபடி இயங்குகிறதா என்று ஓட்டிப் பார்ப்பார்கள். கடைசியில் நிஜ மருந்து. தொடர்ந்து பல முறை, வழக்கமாக 3 தொகுதி, ஒரே தரத்தில் வர வேண்டும். "போன வாரம் இட்லி பூ மாதிரி வந்துச்சே" என்பதெல்லாம் அங்கே செல்லாது.

இவ்வளவு கெடுபிடி ஏன்? ஆட்டோகிளேவைப் பாருங்கள். நம்ம குக்கரின் பெரியண்ணன். 121 டிகிரி செல்சியஸ் நீராவியில் 15 நிமிடம் என்பது பரவலான கணக்கு. உள்ளே காற்று தங்கிவிட்டால் அந்த மூலை மட்டும் சூடேறாது. குக்கரில் ஆவி வந்த பிறகு வெயிட் போடுகிறோமே, அதுவும் காற்றை வெளியேற்றத்தான்.

1972-ல் இங்கிலாந்தின் பிளிமத் நகர மருத்துவமனையில் இதன் விளைவு தெரிந்தது. மருந்தைத் தயாரித்த தொழிற்சாலையில் ஆட்டோகிளேவின் கீழ்ப்பகுதியில் காற்று தங்கியதால் அங்கிருந்த குளுக்கோஸ் பாட்டில்களில் கிருமி சாகவில்லை. அவை ஏற்றப்பட்ட நோயாளிகளில் சிலர் இறந்தார்கள். வெப்பம் ஏறவில்லை என்று ஒரு பதிவுக் கருவி சரியாகவே காட்டியது. கருவிதான் பழுது என்று ஊழியர்கள் நினைத்துவிட்டார்கள்! அதனால்தான் இன்று அளவுமானிக்கும் தனிச் சோதனை உண்டு. கலனுக்குள் பல இடங்களில் வெப்ப உணரிகள் வைப்பார்கள். சூட்டைத் தாங்கும் நுண்ணுயிர் வித்துகளையும் வைத்து, அவை செத்தனவா என்று பார்ப்பார்கள்.

நம் நாட்டில் இந்த விதிகள் மருந்து விதிகள் 1945-ன் 'அட்டவணை எம்'-ல் உள்ளன. 2023 டிசம்பர் இறுதியில் அது திருத்தி அறிவிக்கப்பட்டது.

சரி, உங்க கையில் என்ன இருக்கு? அட்டையில் உள்ள தொகுதி எண். பாதி அட்டை வாங்கும்போது அந்த எண் உள்ள பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் பில்லில் எண் இருக்கிறதா என்று பாருங்கள். 2023 ஆகஸ்ட் 1 முதல் தயாரான 300 முன்னணி பிராண்டு மருந்துகளில் க்யூஆர் குறியீடும் உண்டு. போனில் ஸ்கேன் செய்தால் தயாரிப்பாளர், தொகுதி எண், காலாவதி தேதி தெரியும். மருந்து சாப்பிட்ட பிறகு ஒவ்வாமை போல ஏதாவது தெரிந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். பிறகு 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் புகார் பதியலாம். அப்போது தொகுதி எண் கேட்பார்கள், அட்டையைத் தூக்கிப் போட்டுடாதீங்க.